மின்மைத் தாளும் விரலும்: தொடுதிரை வாசிப்புக் கருவிகளின் அமைப்பு முரண்பாடுகள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

நூல் என்பது கருத்துக்களின் தொகுதியாக இருக்கும் அதேவேளையில் கையிலேந்தப்படும் ஒரு பொருளாகவும் இருக்கின்றது. எமது இலக்கிய வரலாற்றாசிரியர்கள் பெரும்பாலும் முன்னதையே ஆராய்ந்து வந்துள்ளனர். ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏட்டுச் சுவடிகளை அச்சேற்றியபொழுது, நூல்களைப் பெறும் வழியும் பெறுவோர் தொகையும் அடிப்படையான மாற்றத்துக்குள்ளாயின என்பதை நாம் அறிவோம். ஆயினும் அச்சுக்கு அடுத்துவந்த வாசிப்புச் சாதனங்களை அவ்வாறு வரலாற்று நோக்கில் அணுகும் முயற்சி எம்மிடையே அரிதாகவேயுள்ளது. அவை பொறியியலாளரின் விடயம் என்றோ, விளம்பரகாரரின் விடயம் என்றோ ஒதுக்கிவிடப்படுகின்றன.

இக்கட்டுரையில் ஈ இங்க் என வழங்கும் மின்மைத் திரையைக் கொண்ட வாசிப்புக் கருவிகளை எடுத்துக்கொள்கின்றோம். அவற்றுள்ளும் ஒரு குறிப்பிட்ட பிரச்சினையையே நோக்குவோம். அத்திரையில் விரலின் தொடுகை புகுந்த வரலாறே அப்பிரச்சினையாகும். ஒன்றைப் பெறுவதற்கு இன்னொன்றை இழக்கும் விட்டுக்கொடுப்புகள் எல்லாப் பொருளாக்கத்திலும் உள்ளவையே. ஆனால் எதனை இழக்கலாம், எதனை இழக்கலாகாது என்ற தெரிவு யாரால், யாருடைய தேவையின் பொருட்டுச் செய்யப்படுகின்றது என்ற வினா பொறியியலின் எல்லைக்குள் அடங்குவதன்று. அவ்வினாவே எமது ஆய்வின் மையமாகும்.

2

மின்னேற்றம் பெற்ற துணிக்கைகளைத் திரவமொன்றினுள் நகர்த்தி உருவம் காட்டும் எண்ணம் புதியதன்று. யப்பானின் மற்சுசித்தா நிறுவனத்தில் இசாவோ ஓத்தாவும் அவரது சகாக்களும் 1970களின் தொடக்கத்திலேயே அத்தகைய திரையொன்றை உருவாக்கியிருந்தனர். அதே பத்தாண்டிலே செறொக்ஸ் நிறுவனத்தின் பலோ அல்ரோ ஆய்வுகூடத்தில் நிக் செரிடன், இருநிறங்கொண்ட நுண்கோளங்களைச் சுழற்றும் வேறொரு முறையைக் கண்டறிந்தார். இவை எவையும் நெடுங்காலம் வாசகரின் கையை எட்டவில்லை. மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் ஊடக ஆய்வுகூடத்தில் ஜோசப் ஜேக்கப்சனும் அவரது மாணவர்களும் துணிக்கைகளை நுண்ணிய உறைகளுக்குள் அடைத்தபொழுதே, அவற்றை மைபோலப் பரப்பித் தாளாக்கும் வழி பிறந்தது. 1997 ஆம் ஆண்டு ஈ இங்க் கம்பனி நிறுவப்பட்டது. 1998 ஆம் ஆண்டு நேச்சர் சஞ்சிகையில் அவர்களது ஆய்வுக்கட்டுரை வெளிவந்தது.

இம்மையின் இயல்பைச் சுருக்கமாகவேனும் விளங்கிக்கொள்ளல் வேண்டும். ஒவ்வோர் உறையினுள்ளும் வெண்டுணிக்கைகளும் கருந்துணிக்கைகளும் எதிரெதிர் மின்னேற்றத்துடன் மிதக்கின்றன. மின்புலத்தின் திசைக்கேற்ப ஒருவகை மேலெழும், மற்றது கீழிறங்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னரும் அவை நின்ற இடத்தில் நிற்கும். எனவே பக்கம் மாறும்போது மாத்திரமே மின்சாரம் செலவாகின்றது. இத்திரை தானாக ஒளிர்வதுமில்லை. அச்சுத்தாளைப் போலவே தன்மேல் விழும் ஒளியைத் திருப்பியனுப்புகின்றது. வெயிலில் இது தெளிவாகத் தெரிவதற்கும் கண்ணுக்கு இதமாக இருப்பதற்கும் இதுவே காரணமாகும்.

ஆனால் இந்நலன்களின் மறுபக்கமும் அதே இயல்பிலிருந்தே பிறக்கின்றது. துணிக்கை திரவத்தினூடே நகரக் காலம் வேண்டும். தொடக்ககாலக் கருவிகளில் ஒரு பக்கம் மாற ஏறத்தாழ ஒரு செக்கன் சென்றது. முந்திய பக்கத்தின் எழுத்துக்கள் மங்கலாகப் பின்தங்கி நிற்பதுமுண்டு. அவற்றைத் துடைப்பதற்காகத் திரை முழுவதும் ஒருமுறை கறுத்து வெளுக்கும். 2004 ஆம் ஆண்டு ஏப்பிரலில் யப்பானில் விற்பனைக்கு வந்த சோனியின் லிப்ரியே இம்மையைக் கொண்ட முதல் வாசிப்புக் கருவியாகும். அதன் பக்கங்கள் பொத்தான்களாலேயே புரட்டப்பட்டன. பொத்தானை அழுத்துபவர் ஒரு கணம் காத்திருப்பது இயல்பே. தாளைப் புரட்டவும் அவ்வளவு நேரம் செல்லும். மையின் வேகமும் கையின் வேகமும் அங்கு பெரிதும் ஒத்திருந்தன எனலாம்.

3

தொடுதிரை இவ்விணக்கத்தை இருவகையிற் குலைத்தது. முதலாவது காலம் பற்றியது. விரலால் தொட்டு இழுக்கும் பழக்கம் உடனடியான மறுமொழியை எதிர்பார்க்கும் பழக்கமாகும். செக்கனுக்கு 60 தடவை புதுப்பிக்கப்படும் ஒளிர்திரைக்கு அது பொருந்தும். மின்மைக்கு அது இயல்பாகப் பொருந்துவதன்று.

இரண்டாவது ஒளி பற்றியது. இதுவே கூடிய முக்கியத்துவமுடையது. ஒளிர்திரையிலே ஒளி உள்ளிருந்து புறப்பட்டு ஒருமுறையே மேற்படலத்தைக் கடக்கின்றது. மின்மைத் திரையிலோ ஒளி உள்ளே செல்லும்போது ஒருமுறையும் மீளும்போது ஒருமுறையுமாக இரண்டு தடவை கடக்க வேண்டும். படலமொன்று ஒளியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை ஊடுசெல்ல விடுவதாகக் கொள்வோம். இருமுறை கடந்தபின் எஞ்சுவது எண்பத்தொரு பங்கே. அதற்குமேல் இன்னொரு படலத்தை வைத்தால் இழப்பு மேலும் பெருகும். படலத்தின் மேற்பரப்பு தானே ஒளியைத் தெறிக்கச் செய்வதால் எழுத்தின் கருமையும் வெளிறிப்போகும். எனவே மின்மைத் திரையின்மேல் எதை வைத்தாலும் அதற்கான விலை வாசிப்பிலிருந்தே செலுத்தப்படுகின்றது. தொடுகையை எங்கே வைப்பது என்ற வினாவுக்குக் கிடைத்த விடைகளின் வரலாறே இக்கருவிகளின் வரலாறாக அமைந்தது.

முதல் விடை திரையின் அடியிலே வைப்பது. நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்திலிருந்து பிரிந்த ஐரெக்ஸ், 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐலியட் கருவியில் வக்கொம் நிறுவனத்தின் மின்காந்தத் தகட்டைத் திரையின் பின்புறத்தில் வைத்தது. தாளின் தெளிவு சிறிதும் குறையவில்லை. ஓரக்குறிப்புகளையும் எழுத முடிந்தது. ஆனால் அதற்கெனச் செய்யப்பட்ட எழுதுகோல் இன்றி அதனைத் தொட்டுப் பயனில்லை. அலுவலகங்களையும் ஆய்வாளரையும் நோக்கிய அக்கருவி பரவலான சந்தையைப் பெறவில்லை. ஐரெக்ஸ் 2010 ஆம் ஆண்டில் முறிவடைந்தது.

இரண்டாவது விடை திரையின் மேலே வைப்பது. 2008 ஆம் ஆண்டின் இறுதியில் சோனி வெளியிட்ட பீஆர்எஸ்-700 இதற்குச் சிறந்த சான்றாகும். அழுத்தத்தால் ஒன்றையொன்று தொடும் இரு மின்கடத்துப் படலங்கள் அதன் திரைமீது விரிக்கப்பட்டிருந்தன. அத்துடன் பக்கவாட்டு விளக்குகளும் சேர்க்கப்பட்டன. விரலாலும் கோலாலும் இயக்கலாம், சொல்லைக் கோடிடலாம், இருளிலும் படிக்கலாம். ஆயினும் எழுத்து மங்கி, மேற்பரப்பு பளபளத்ததாக விமர்சகரும் வாசகரும் ஒருங்கே முறையிட்டனர். அடுத்த ஆண்டில் வந்த பீஆர்எஸ்-600 விளக்கைக் கைவிட்டுத் தொடுபடலத்தை வைத்துக்கொண்டது, பளபளப்பு நீங்கவில்லை. அதனுடன் வெளிவந்த, தொடுகையற்ற, விலைகுறைந்த சிறிய கருவியான பீஆர்எஸ்-300 தெளிவில் அதனை விஞ்சியது. கூடிய விலை கொடுத்தவர் குறைந்த தெளிவைப் பெற்றார் என்பது மனங்கொளத்தக்கது.

மூன்றாவது விடை பக்கத்திலே வைப்பது. திரையின் விளிம்புச் சட்டத்தினுள் அகச்சிவப்புக் கதிர்களை அனுப்புவனவும் ஏற்பனவும் வரிசையாகப் பொருத்தப்பட்டன. விரல் கதிரை மறைக்குமிடம் கணிக்கப்படும். திரைமேல் எதுவுமில்லையாதலால் ஒளியிழப்பும் இல்லை. 2010 ஆம் ஆண்டின் சோனி பீஆர்எஸ்-650, 2011 ஆம் ஆண்டின் கோபோ டச், நூக் சிம்பிள் டச், கிண்டில் டச் ஆகிய யாவும் இம்முறையையே தழுவின. இதற்கும் விலையுண்டு. சட்டம் திரைக்குமேல் உயர்ந்து நிற்கவேண்டும். அதன் மூலைகளில் தூசி படியும். சட்டைக்கை பட்டாலும் பூச்சி ஊர்ந்தாலும் பக்கம் புரளும். எனினும் வாசிப்பை நோக்காகக் கொண்டால், இம்மூன்றினுள் பொதுப்பயன்பாட்டுக்குரிய நேர்மையான தீர்வு இதுவே என்பது எமது கருத்தாகும்.

ஆனால் வரலாறு இங்கு நிற்கவில்லை. 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த கிண்டில் பேப்பர்வைற், கைபேசிகளில் உள்ளதுபோன்ற மின்கொள்ளளவுத் தொடுபடலத்தையும், விளிம்பு விளக்கின் ஒளியைத் திரைமேற் பரப்பும் வழிகாட்டிப் படலத்தையும் மீண்டும் எழுத்தின்மேற் கொண்டுவந்தது. பீஆர்எஸ்-700 தோற்ற இடத்தில் இது வென்றது. மை வெண்மை கூடியிருந்தது, படலங்கள் மெலிந்திருந்தன என்பன உண்மையே. அதனிலும் முக்கியமானது, மங்கலை மறைக்கும் ஒளி அக்கருவியிலேயே இடம்பெற்றமையாகும். படலத்தால் இழந்த ஒளியை மின்கலத்தால் ஈடுசெய்யும் நிலை இவ்வாறு தோன்றியது. புறவொளியை மாத்திரம் நம்பிய தாள் என்ற மூலக்கருத்து அமைதியாக மாற்றம் பெற்றது.

4

இம்மாற்றங்களை வெறுமனே தொழில்நுட்ப வளர்ச்சியின் படிகளாகக் கொள்வது பொறிமுறைப் பார்வையாகும். இவற்றுக்குப் பின்னாலுள்ள உற்பத்தி உறவுகளை நோக்குதல் அவசியம்.

2009 ஆம் ஆண்டில் தாய்வானின் பிரைம் வியூ இன்ரர்நாஷனல் என்னும் திரை உற்பத்தி நிறுவனம் ஈ இங்க் கம்பனியை வாங்கித் தானும் அப்பெயரையே சூடிக்கொண்டது. சந்தையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட கருவிகளிற் பெரும்பாலானவை இவ்வொரே நிறுவனத்தின் மையையே பயன்படுத்தின. தாள் எல்லோருக்கும் ஒன்றாகிவிட்டபொழுது, வேறுபாடு காட்டவேண்டிய இடம் தாளின் மேலுள்ள படலங்களே ஆயிற்று. தொடுகை, விளக்கு, வழுவழுப்பான முகப்பு ஆகியவை வாசகரின் வேண்டுகோளால் மட்டும் வந்தவையல்ல. ஒரே மூலப்பொருளை விற்போர் தம்மை வேறுபடுத்திக்காட்ட வேண்டிய நிர்ப்பந்தத்தாலும் வந்தவை.

இதனுடன் இணைத்து நோக்கவேண்டியது, கருவி கடையாக மாறியமை. 2007 ஆம் ஆண்டு நவம்பரில் 399 டொலருக்கு வந்த முதற் கிண்டில், கம்பியில்லாத் தொடர்பின் வழியாகக் கருவியிலிருந்தே நூல் வாங்கும் வசதியைத் தன் சிறப்பாகக் கொண்டது. 2009 ஆம் ஆண்டில் பார்ன்ஸ் அன்ட் நோபிள் வெளியிட்ட முதல் நூக் இவ்வகையில் மிகவும் தெளிவான ஆவணமாகும். மேலே மின்மைத் திரை, கீழே வண்ணத் தொடுதிரைத் துண்டு. மேற்றிரையிலே வாசகர் படித்தார். கீழ்த்திரையிலே வண்ண அட்டைகளைத் தள்ளி நூல்களைத் தேடினார். வாசகரும் வாங்குபவரும் ஒருவரேயாயினும் அவர்களுக்கு இரு வெவ்வேறு திரைகள் தேவைப்பட்டதை அப்பொருள் மறைக்கவில்லை. பின்னர் இரண்டும் ஒரே திரையாகியபொழுது அவ்வேறுபாடு கண்ணுக்குப் புலனாகாது போயிற்று, மறைந்துவிடவில்லை. நாவலின் ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குச் செல்பவருக்கு ஒரு பொத்தான் போதும். கடையின் அட்டவணையை மேய்ந்து தெரிபவருக்கே தொடுதிரை இன்றியமையாதது.

விலைகளின் வரலாறு இதனை மேலும் துலக்குகின்றது. 2011 ஆம் ஆண்டில் அமேசனின் மிக மலிவான கிண்டில், விளம்பரங்களுடன், 79 டொலருக்கு விற்கப்பட்டது. அதற்குத் தொடுதிரை இல்லை. இருமருங்கிலும் பக்கம் புரட்டும் பொத்தான்கள் இருந்தன. தொடுதிரை வேண்டியவர் அதே ஏற்பாட்டில் 99 டொலர் கொடுத்துக் கிண்டில் டச்சை வாங்கவேண்டியிருந்தது. 2014 ஆம் ஆண்டில் மலிவான கிண்டிலும் தொடுதிரையைப் பெற்றது, விலை அதே 79 டொலர், பொத்தான்கள் நீக்கப்பட்டன. 2016 ஆம் ஆண்டில் கிண்டில் ஓயேசிஸ் பொத்தான்களுடன் வந்தபொழுது அதன் தொடக்க விலை ஏறத்தாழ 290 டொலர். ஐந்தே ஆண்டுகளில், ஏழை வாசகரின் கருவியில் இயல்பாயிருந்த பொத்தான் செல்வ வாசகரின் சிறப்புரிமையாயிற்று. ஓயேசிசின் விற்பனையும் 2024 ஆம் ஆண்டில் முடிவுற்றது. அதே காலத்தில் கோபோ நிறுவனம் 2019 ஆம் ஆண்டிலிருந்து லிப்ரா வரிசைக் கருவிகளை அதனிலும் குறைந்த விலையில், பொத்தானும் தொடுதிரையும் ஒருங்கே கொண்டனவாக விற்றுவந்துள்ளது. ஆகவே ஒன்றுக்காக மற்றதை இழந்தேயாக வேண்டும் என்ற தொழில்நுட்ப நியதி எதுவும் இருக்கவில்லை. பயன்பெறுமதி தேவையின்படி பங்கிடப்படாமல், விலைத்தரங்களை உண்டாக்கும் கருவியாகப் பரிவர்த்தனைப் பெறுமதிக்குக் கீழ்ப்படுத்தப்பட்டது என்பதே இதன் பொருள்.

இன்னொரு சான்றையும் குறிப்பிடலாம். மின்சாரமின்றியே உருவத்தைக் காத்து நிற்கும் இயல்பே இம்மையின் தலையாய நலன் என முன்னர்க் கண்டோம். 2011 ஆம் ஆண்டு முதல், விலைகுறைந்த கிண்டில்கள் உறங்கும் வேளையில் அவற்றின் திரையில் விளம்பரங்கள் இடம்பெறலாயின. வாசகர் நூலை மேசைமேல் வைத்துவிட்டுச் சென்ற நேரமும், செலவேதுமின்றி, பண்டமாக்கப்பட்டது. தாளின் மிகச் சிறந்த குணமே விளம்பரப் பலகையின் மிகச் சிறந்த குணமுமாயிற்று.

5

இவ்வளவையும் கூறியபின், தொடுதிரையை வாசிப்பின் பகையாகக் கொள்வது எமது முடிபோ என வினவலாம். அன்று. பழையதைப் போற்றிப் புதியதை வெறுப்பது வரலாற்று நோக்காகாது. முரண்பாட்டின் இரு கூறுகளையும் கண்டறிவதே இயங்கியல் முறையாகும்.

லிப்ரியேயும் 2007 ஆம் ஆண்டின் கிண்டிலும் அடியில் உரோமன் எழுத்து விசைப்பலகையைக் கொண்டிருந்தன. பிளாஸ்ரிக்கில் வார்க்கப்பட்ட அவ்வெழுத்துக்கள் மாறாதவை. அக்கருவியில் குறிப்பெழுதவோ தேடவோ விரும்பும் ஒருவர் உரோமன் எழுத்தினூடாகவே செல்லவேண்டும் என்ற தீர்ப்பு தொழிற்சாலையிலேயே எழுதப்பட்டுவிட்டது. தொடுதிரை இத்தீர்ப்பைக் கலைத்தது. திரையில் வரையப்படும் விசைகள் எம்மொழியின் விசைகளாகவும் இருக்கலாம். அதற்கு அச்சும் வார்ப்பும் வேண்டியதில்லை, மென்பொருளே போதும். எழுத்தின்மீது உரோமன் வடிவம் செலுத்திய பௌதிக ஆதிக்கம் இவ்வளவில் நீங்கியது. சொல்லைத் தொட்டவுடன் பொருள் காணும் வசதியும், கோடிட்டுக் குறிப்பெழுதும் வசதியும் மாணவருக்கும் இரண்டாம் மொழியிற் படிப்போருக்கும் பெருந்துணையாவன. கைவிரல்களில் வலுக்குன்றியவருக்கு விசைகளை அழுத்துவதிலும் மெல்லத் தொடுவது எளிதாயிருக்கலாம். நடுங்கும் விரலினருக்கோ பொத்தானே நம்பகமானது. இருவரும் வாசகரே.

ஆனால் சாத்தியம் என்பது நிறைவேற்றம் அன்று. அமேசன் தனது கிண்டில் கடையிலே தமிழ் முதலான இந்திய மொழிகள் சிலவற்றின் நூல்களை முறையாகச் சேர்த்தது 2016 ஆம் ஆண்டின் இறுதியிலேயாகும். முதற் கிண்டிலுக்கும் அதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். திரை அனுமதித்ததைச் சந்தை அனுமதிக்க அத்தனை காலம் சென்றது. தொட்டுப் பொருள் காணும் வசதியும், வேற்றுமையுருபும் சாரியையும் ஏற்று நீண்ட தமிழ்ச் சொல்லை அதன் அடிவடிவுக்குப் பிரித்தறியும் ஏற்பாடு இல்லாதவிடத்துப் பெயரளவிலேயே நிற்கும்.

எமக்கு மிக அண்மையான பிரச்சினை வேறொன்று. 2005 ஆம் ஆண்டு முதல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம், ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் பக்கப் படிமங்களாகச் சேமித்து எவருக்கும் இலவசமாக வழங்கிவருகின்றது. எமது இலக்கிய வரலாற்றை எழுதுவோர் அதற்குக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அப்பக்கங்கள் எழுத்தளவை மாற்றி ஒழுகவிடக்கூடியவை அல்ல, அவை படங்களே. ஆறு அங்குல மின்மைத் திரையில் அவற்றைப் படிக்க முனைபவர் பக்கத்தை விரலால் பெருப்பித்து அங்குமிங்கும் நகர்த்த வேண்டும். விரல் வேகமாகக் கேட்க, மை மெதுவாக விடைகூறும். நாம் மேலே விளக்கிய காலமுரண்பாடு வேறெங்கினும் இங்கே கூர்மையடைகின்றது. பத்து அங்குல அளவிலான திரைகள் இதனைப் பெரிதும் தீர்க்கும்; 2009 ஆம் ஆண்டின் கிண்டில் டிஎக்ஸ் முதல் 2022 ஆம் ஆண்டின் கிண்டில் ஸ்கிரைப் வரை அவை உள்ளன. அவை இயல்பாகவே உயர்விலைப் பொருள்களாக வகுக்கப்பட்டுள்ளன. கடையில் விற்கப்படும் நாவலுக்கு மலிவான கருவி கிடைக்கின்றது. இலவசமாகக் கிடைக்கும் எமது பழைய சஞ்சிகைக்கு விலையுயர்ந்த கருவி வேண்டப்படுகின்றது. இதனைத் தற்செயல் என்று நாம் கொள்ளவில்லை. எதை விற்பதற்காகக் கருவி செய்யப்பட்டதோ அதற்கே அதன் அளவும் வேகமும் விலையும் பொருந்தியிருக்கின்றன.

6

தொகுத்து நோக்குமிடத்து, தொடுகையைத் திரையின் கீழே, மேலே, பக்கத்தே என வைத்துப் பார்த்த இக்குறுகிய வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. ஒளி இருமுறை கடக்கவேண்டும் என்பது இயற்கையின் விதி. துணிக்கை நகரக் காலம் வேண்டும் என்பதும் அவ்வாறே. எந்தப் பொறியியலாளரும் இவற்றை மீற முடியாது. ஆனால் அவ்விதிகளுக்குள் நின்று எந்த இழப்பை யார் தாங்குவது என்பதை இயற்கை தீர்மானிக்கவில்லை. அண்மைய வண்ண மின்மைத் திரைகளிலும் இதுவே நிகழ்கின்றது. எழுத்தின்மேல் நிறவடிகட்டிப் படலம் புகுந்துள்ளது. கருமைவெண்மையில் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் காட்டும் திரை வண்ணத்தில் 150 புள்ளிகளையே காட்டுகின்றது. தாளும் சற்று இருண்டுள்ளது. அட்டைப்படங்களுக்கு அது நன்று; உரைநடையைப் படிப்பவருக்கு அதனால் வரும் நன்மை சிறிது.

அச்சுக்கலை எமக்கு வந்தபொழுது எமது முன்னோர் அதனை வெறுமனே நுகரவில்லை. அச்சுக்கூடம் நிறுவினர், எழுத்து வார்ப்பித்தனர், எதை அச்சிடுவது என்பதைத் தாமே தீர்மானிக்க முயன்றனர். இன்றைய வாசிப்புக் கருவி விடயத்தில் எமது நிலை அதனிலும் பின்தங்கியதாகும். மையையோ திரையையோ நாம் உற்பத்தி செய்யும் நிலை உடனடியாக வரப்போவதில்லை. ஆயினும் எமது நூலகங்களும் பல்கலைக்கழகங்களும் கருவிகளை வாங்கும்போது எந்தப் பக்கத்தைப் படிப்பதற்காக வாங்குகின்றோம் என்ற வினாவை எழுப்பலாம். பக்கப் படிமங்களாக உள்ள எமது நூல்களை எழுத்துருவாக மாற்றும் பணியைக் கூட்டாக மேற்கொள்ளலாம். எழுத்துருவாக்கப்பட்ட நூல் மிக மலிவான கருவியிலும் ஒழுகும்; அங்கு விரல் மையை விரட்டவேண்டியதில்லை. விலையுயர்ந்த திரைக்காகக் காத்திருப்பதிலும் இது எமது கைக்கு எட்டிய வேலை. கருவியின் வரலாற்றை அறிவதன் பயன், அதன் விட்டுக்கொடுப்புகளை விதியென ஏற்காது, அவற்றுள் எவை எம்மால் மாற்றத்தக்கவை என இனங்காண்பதேயாம்.